குழாய்க்குள் இறங்கிய தீ

பஸ் ஆலங்காயத்தைத் தாண்டியதும் என் போனில் டவர் போய்விட்டது.

ஜன்னலோர சீட். மடியில் துணிப்பை. பைக்குள் அன்று திருப்பத்தூரில் வாங்கிய நீடில் வால்வும், அளவுக்காக வீட்டிலிருந்து கொண்டுபோன கறுப்பு ரப்பர் ஓஸ் துண்டும் இருந்தன. லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கிய பித்தளை ஜெட்டை மட்டும் பையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தேன். ஏன் என்று தெரியவில்லை. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத சாமான். வியர்வையில் நனைந்து நனைந்து உள்ளங்கை முழுக்கப் பித்தளை வாடை ஏறிவிட்டது.

பக்கத்தில் இருந்த அம்மாள் விற்றது போக மீந்த கொய்யாவைக் கூடையில் வைத்திருந்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தவள், "இன்னாம்மா, ஒடம்புக்கு முடியலியா? மொகமெல்லாம் வேர்த்துக் கீது" என்று சொல்லி ஒரு பழத்தை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். கடிக்க முடியவில்லை.

டவர் போவதற்குச் சற்று முன்புதான் ராணி அக்காவிடம் பேசியிருந்தேன். எங்கள் பட்டறைக்கு எதிரே, ரோட்டு வளைவில் டீக்கடை வைத்திருப்பவள். முதலில் என் கணவருக்குத்தான் அடித்தேன். அவர் எடுக்கவில்லை. தகரக் கொட்டகைக்குள் சிக்னல் நிற்காது.

"அக்கா, எதிர்ல அவரு இன்னா பண்றாரு?"

"காலைலேர்ந்து உள்ளதான் கீறாரு. டப்பு டப்புன்னு ஒரே சத்தம். இன்னா அமுதா, வெடி கிடி செய்றாரா உன் வூட்டுக்காரரு?"

"அக்கா, உடனே போய் நிறுத்தச் சொல்லு. அந்த ஓஸு..."

லைன் அறுந்துவிட்டது. நான் சொன்னதில் எவ்வளவு அவள் காதில் விழுந்தது என்று தெரியாது. அதற்குப் பிறகு எத்தனை முறை அமுக்கினாலும் போன் மௌனமாகவே இருந்தது. மலைப்பாதையின் முதல் வளைவில் பஸ் முனகிக்கொண்டு ஏறத் தொடங்கியது.

அடுப்புதானே?

போன வாரம் இந்தத் தொடரில் கேஸ் உலை என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி போனில் கேட்டார்: "எங்க வீட்லயும் கேஸ் அடுப்புதாம்மா. அதுக்குப் போய் யாராவது இப்படிப் பயப்படுவாங்களா?"

நியாயமான கேள்விதான். ஆனால் அவர் வீட்டு அடுப்பை யாரோ வரைந்து, யாரோ சோதித்து, முத்திரை குத்தி, அட்டைப்பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். எங்கள் பர்னரை நான் பைப்புத் துண்டுகளை வெல்டிங் செய்து உண்டாக்கினேன். அதைச் சோதிக்க இருந்தவர்கள் நானும் என் கணவரும்தான். சோதித்த இடம் நாங்கள் தினமும் நிற்கிற இடம்.

என் கணவர் சிவராஜைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜவ்வாது மலையில் பிறந்தவர். சாமை விதைத்து, புளி உலுக்கிப் பிழைக்கிற குடும்பம். இளவயதில் கீழே இறங்கி, திருப்பத்தூரில் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை கட்டும் பட்டறையில் சேர்ந்தார். இரும்பைக் காய்ச்சி அடிக்க அங்கேதான் பழகினார். மலைக்குத் திரும்பி வந்தபின், லாரிகளில் கழித்துப் போட்ட பட்டைகளை வாங்கி வந்து அருவாளும் கொடுவாளும் அடித்துக் கொடுத்தார்.

நான் கணியம்பாடிப் பக்கத்துக்காரி. ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்துவிட்டு வேலூரில் பம்ப் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். அங்கே ஒருநாள் ஒரு ஆள் ஸ்பிரிங் பட்டையோடு வந்து, துளை போட்டுத் தரச் சொன்னார். "இப்படியே போட்டா ட்ரில் ஒடையும். காய்ச்சி ஆற வச்சு எடுத்துட்டு வாங்க" என்றேன். மறுவாரம் அப்படியே செய்து எடுத்து வந்தார். அதற்கடுத்த வாரமும் வந்தார், கையில் துளை போட ஒன்றும் இல்லாமல். இந்தக் கதையை ஏற்கெனவே எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு மலையே என் ஊராயிற்று. பட்டறையில் கரி உலை. காட்டில் கரி சுட விடமாட்டார்கள். கீழேயிருந்துதான் மூட்டை வரும். அதில் பாதி தூள். ப்ளோயரைப் போட்டால் கொட்டகைக்குள் ஆள் தெரியாது. சிவராஜ் வருஷக்கணக்காக அதற்குள் நின்றார். இருமல் முதலில் காலையில் மட்டும் வந்தது. பிறகு படியேறும்போது வந்தது. பிறகு பேசும்போதே வந்தது.

வேலூரில் டாக்டர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒண்ணு இந்த வேலையை விடுங்க. இல்லேன்னா இந்தப் புகையை விடுங்க" என்றார்.

திரும்பி வரும்போது, பஸ் மலை ஏறி முடிக்கும் சமயத்தில் நான் சொன்னேன்: "ரெண்டாவத வுட்டுடலாங்க." கேஸ் உலை அங்கேதான் ஆரம்பித்தது.

அவருடைய மூக்கு

ஆனால் ஒரு விஷயம் இருந்தது. அதை டாக்டரிடம்கூடச் சரியாகச் சொல்லவில்லை.

உலகமே முகமூடி போட்டுக்கொண்டு திரிந்த காலத்தில் எங்கள் இருவருக்கும் காய்ச்சல் வந்தது. எனக்கு வந்த சுவடு தெரியாமல் போய்விட்டது. சிவராஜுக்கு மட்டும் போன வாசனை திரும்பவே இல்லை. முதலில் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கருவாட்டுக் குழம்பு வைத்தால், "இன்னாமோ சூடா கீது, அவ்ளோதான் தெரியுது" என்று சிரிப்பார்.

ஒருநாள் நான் கிணற்றடியில் இருந்தேன். வீட்டிலிருந்து பால் தீய்கிற நாற்றம் அங்கே வரைக்கும் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், பாத்திரம் கருகிக்கொண்டிருக்கிறது. அதற்கு இரண்டடி தூரத்தில் அவர் கதவுப் பக்கம் திரும்பி உட்கார்ந்து அருவாளுக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருக்கிறார். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேஸுக்கென்று சொந்தமாக வாடை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்றுதான் அந்த நாற்றத்தைக் கலந்து அனுப்புகிறார்கள். அது காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது. தரையோடு தவழ்ந்து பள்ளம் தேடிப் போய்த் தங்கும். எங்கள் பட்டறையில் பட்டறைக்கல்லுக்கு முன்னால் இடுப்பளவு குழி ஒன்று உண்டு. கல் மட்டத்துக்குக் கை வர வேண்டும் என்று சிவராஜ் அதில் இறங்கி நின்றுதான் சுத்தி போடுவார்.

புகையிலிருந்து மனுஷனை வெளியே இழுத்து, அதைவிட மோசமான ஒன்றுக்குள் நானே தள்ளுகிறேனோ? இந்த எண்ணம் வந்த நாளிலிருந்து அது என்னை விட்டுப் போகவில்லை.

அதனால் ஒரு விதி வைத்தோம். நான் இல்லாமல் பர்னரைப் பற்ற வைக்கக் கூடாது. தினமும் காலையில் நான்தான் முதலில் உள்ளே போவேன். குழிக்குப் பக்கத்தில் முட்டிபோட்டுக் குனிந்து மோந்து பார்ப்பேன். சிவராஜ் வெளியில் நின்று சிரிப்பார். "போலீஸ் நாய் வேலைக்குப் போயிருந்தா பென்ஷன் வந்திருக்கும் உனக்கு" என்பார்.

டப்

பர்னரில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. ஓர் இரும்புக் குழாய். அதன் பின்பக்கத்தில், நட்டநடுவில், ஊசி போன்ற துளை உள்ள ஒரு ஜெட். பைக் கார்புரேட்டரில் இருக்கிற ஜெட் மாதிரி. கேஸ் அந்தத் துளை வழியே பீச்சும்போது, சுற்றியிருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு குழாய்க்குள் ஓடும். இரண்டும் கலந்து குழாயின் முன்வாயில் எரியும். ராணி அக்காவின் டீக்கடை அடுப்பிலும் இதே சங்கதிதான்.

எங்களுக்குத் தேவைப்பட்டது இரண்டு தீ. லாரிப் பட்டையை மஞ்சளாகக் காய்ச்சப் பெரிய தீ. அடித்து மெலிந்த அருவாளுக்குப் பதம் வைக்கச் சின்னத் தீ. பெரிய தீயில் மெல்லிய விளிம்பைக் காட்டினால் மத்தாப்பு மாதிரிப் பொறி பறக்கும். எஃகு எரிந்து போயிற்று என்று அர்த்தம்.

பெரிய தீ சீக்கிரமே வசப்பட்டது. கேஸைக் குறைத்தால்தான் வம்பு. தீ ஒரு கணம் தயங்கும். பிறகு "டப்" என்று ஒரு சத்தம். குழாயின் வாயில் எரிந்துகொண்டிருந்த தீ, குழாய்க்குள் இறங்கி ஜெட்டின் மூக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். உள்ளேயிருந்து உறுமும். சற்று விட்டால் குழாயே சிவக்கத் தொடங்கும்.

காரணம் புரிந்தது. தீக்கு ஒரு நடை வேகம் உண்டு. கேஸும் காற்றும் குழாயை விட்டு ஓடும் வேகம் அதைவிடக் கூடுதலாக இருக்கும்வரை தீ வாசலிலேயே நிற்கும். அது குறைந்தால் தீ எதிர்நடை போட்டு உள்ளே வந்துவிடும். ஜெட்டுக்கு அந்தப் பக்கம் காற்று கிடையாது, அதனால் சிலிண்டருக்குப் போகாது என்று படிப்பு சொன்னது. அந்தச் சத்தம் கேட்கிற நொடியில் படிப்பு எங்கே போகுமென்று தெரியாது. இரண்டு கையாலும் வால்வைத் தேடுவேன்.

போதாததற்கு மலைக் குளிர். கார்த்திகைப் பனியில் சிலிண்டரைத் திறந்து வேலை செய்யச் செய்ய, அதன் அடிவயிற்றில் முதலில் வேர்க்கும், பிறகு வெள்ளையாகப் பனி பூக்கும். உள்ளே அழுத்தம் இறங்கும். நாம் எதையும் தொடாமலே தீ சுருங்கி, தானாகவே "டப்" என்னும். காலையில் சரியாக வைத்த அளவு கொஞ்ச நேரத்திலேயே தப்பாகிவிடும்.

ஒரே அளவில் நிற்கிற பர்னர் இங்கே உதவாது; வேலை நடக்கும்போதே திருத்திக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன். ஜெட்டை முன்னும் பின்னும் நகர்த்தி ஸ்க்ரூ போட்டு இறுக்குகிற மாதிரி ஒரு பர்னர். காற்றுத் துளைகளை மூடித் திறக்க ஒரு வளையத் தகடு வைத்து இன்னொன்று. சரிவராதவற்றை மூலையில் போட்டேன். எங்கள் வீட்டுக் கோழி ஒன்று அந்தக் குவியலுக்குள் முட்டையிட ஆரம்பித்தது.

தகரத்தின் மேல் புளியம்பழம் விழுந்தாலும் திடுக்கிட்டு எழுந்துவிடுவேன். சாப்பாடு இறங்கவில்லை. சிவராஜ் மட்டும் எப்போதும்போல் விசிலடித்துக்கொண்டு திரிந்தார். சில சமயம் அதுவே எரிச்சலாக இருக்கும்.

கடைசியில், சாதா வால்வு நமக்குப் போதாது, கால் திருகில் முழுசாகத் திறந்துகொள்கிறது, கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிற நீடில் வால்வு வேண்டும், ஜெட்டின் துளையும் இன்னும் மெலிதாக வேண்டும் என்று தெரிந்தது. இரண்டுக்கும் திருப்பத்தூர்தான் போக வேண்டும். சாமை அறுப்பு தொடங்கிவிட்டிருந்தது. மொண்ணையான அருவாள்களை ஆட்கள் கொண்டுவந்து எங்கள் வாசல் கம்பியில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள்.

புறப்படும்போது சொன்னேன்: "நான் வர்ற வரைக்கும் அதத் தொடாதீங்க."

"நான் பாத்துக்கறேன். நீ போய்ட்டு வா" என்றார்.

பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

லேத்துப் பட்டறையில்

பாஷா பாயின் லேத்துப் பட்டறை சிவராஜ் திருப்பத்தூரில் வேலை பார்த்த காலத்திலிருந்தே பழக்கம். ஜெட்டைக் கடைந்து, துளையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முடி நுழையும் அளவுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி.

"ஓஸு மாட்ற எடத்துக்கு அளவு வேணும் தங்கச்சி. எதுனா துண்டு கீதா?"

பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முதல் பர்னருக்குப் போட்டு, பிறகு நீளம் போதாமல் கழற்றிய துண்டு. அதே சுருளில் வெட்டிய இன்னொரு துண்டுதான் அப்போது மலைமேல் சிலிண்டரில் மாட்டியிருந்தது. கேஸ் ஓஸ் என்று சொல்லித்தான் கடையில் கொடுத்தார்கள். பெயர்கூட அச்சடித்திருந்தது.

பாய் அதில் பித்தளை முனையைச் செருகினார். எண்ணெய் தடவினாற்போல் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. வெளியே எடுத்து மறுபடி செருகினார். என்னைப் பார்த்தார்.

நான் ஓஸின் வாய்க்குள் விரலை விட்டேன். ரப்பர் உப்பி, கூழ் மாதிரி ஆகியிருந்தது. விரலை எடுத்தால் நகக்கண் வரை கறுப்பாக ஒட்டிக்கொண்டு வந்தது. உண்மையில் அது டயருக்குக் காற்றடிக்கிற ஓஸ். கேஸ் அதை உள்ளேயிருந்து தின்றிருக்கிறது.

"இதயா போட்டு வச்சிருக்கீங்க?" என்றார் பாய் மெல்ல.

"மேல இன்னொண்ணு கீது பாய். அவரு தனியா கீறாரு."

அவர் மிச்ச வேலையை அப்படியே விட்டுவிட்டு, தன் வண்டியிலேயே என்னைப் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து இறக்கினார். பஸ் புறப்படத் தயாராக நின்றது. வழியெல்லாம் போனை அமுக்கியபடி வந்தேன். கடைசியில் ராணி அக்கா எடுத்தாள். அவள் சொன்னதைத்தான் ஆரம்பத்தில் எழுதியிருக்கிறேன்.

கொட்டகையைக் காணோம்

காவலூரில் டிரைவர் டீ குடிக்க இறங்கினார். என்னால் உட்கார முடியவில்லை. கண்டக்டரிடம் போய், "அண்ணா, கொஞ்சம் சீக்கிரம் எடுக்கச் சொல்லுங்க, வூட்ல ஆபத்து" என்றேன்.

"இன்னாம்மா, யாருக்கு இன்னா?"

என்ன என்று சொல்ல முடியவில்லை. எதுவும் நடந்ததாக எனக்குத் தெரியாது. நடக்கவில்லை என்றும் தெரியாது. என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே போய் டிரைவரை அழைத்து வந்தார். டிரைவர் பாதி டீயை வைத்துவிட்டு வந்து வண்டியை எடுத்தார்.

ஒரு வளைவில் போன் கையில் நடுங்கியது. டவர் எட்டிப் பார்த்து, தேக்கி வைத்திருந்ததைத் துப்பியது: ராணி அக்காவிடமிருந்து ஒரு மிஸ்டு கால். நான் திரும்ப அடிப்பதற்குள் டவர் போய்விட்டது.

எதற்குக் கூப்பிட்டாள்? சொல்லிவிட்டேன் என்று சொல்லவா? இல்லை வேறு எதுவுமா? மலைப்பாதை முழுக்க அந்த இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்தேன். நல்லதை நினைத்தால் கெட்டது நடந்துவிடுமோ என்றொரு பயம். அதனால் நல்லதையும் நினைக்க முடியவில்லை. அவருடைய சட்டை, அவர் விசில், காலையில் அவர் மிச்சம் வைத்த கால் தோசை என்று என்னென்னவோ கண்முன் வந்தது.

எங்கள் வளைவில் பஸ் நின்றது. இறங்கியதும் முதலில் டீக்கடையைப் பார்த்தேன். ஆளில்லை. அடுப்பு அணைந்திருந்தது. பால் பாத்திரத்தில் ஆடை கட்டியிருந்தது. கடை திறந்திருக்கும் நேரத்தில் ராணி அக்கா அடுப்பை அணைத்து நான் பார்த்ததே இல்லை.

எதிர்ப்பக்கம் திரும்பினேன். கொட்டகையைக் காணோம்.

கூரை மட்டும் கால்களின் மேல் நின்றது. சுற்றுச்சுவர்த் தகரங்கள் புல்லில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடந்தன. ஒன்று வளைந்து முள்வேலியில் சாய்ந்திருந்தது. உள்ளே உலையும் பட்டறைக்கல்லும் வெட்டவெளியில் தெரிந்தன. ஆள் இல்லை.

நான் கத்தினேனா என்று தெரியாது. பஸ் டிரைவர் வண்டியை எடுக்காமல் நின்றது மட்டும் நினைவில் இருக்கிறது. குழியை எட்டிப் பார்க்க வேண்டும், அதற்குத் தைரியம் இல்லை.

கொட்டகையின் பின்பக்கத்திலிருந்து தலைமேல் ஒரு தகரத்தைச் சுமந்துகொண்டு சிவராஜ் வந்தார். அவருக்குப் பின்னால், தகரத்தின் மறுமுனையைப் பிடித்தபடி ராணி அக்கா.

நான் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நடந்தது

ராணி அக்காதான் முதலில் பேசினாள்.

"நீ சொன்னதுல 'நிறுத்தச் சொல்லு'ன்றது மட்டும்தான் கேட்டுச்சு. ஆனா உன் கொரலு சரியில்ல. சரி, போய்ப் பாப்போம்னு ரோட்ட தாண்டறேன், கேஸ் நாத்தம் மூஞ்சில அடிக்குது. திரும்பி ஓடிப்போய் மொதல்ல என் கட அடுப்ப அணைச்சேன். அப்பறம் வந்து பாத்தா, இவரு குழிக்குப் பக்கத்துல நின்னுகினு கைல லைட்டர வச்சிகினு கீறாரு. ஒரே அமுக்கு அமுக்கணும், அவ்ளோதான். 'தம்பி, கைய அசைக்காத! அப்பிடியே வெளில வா!'ன்னு கத்தனேன் பாரு, எனக்கே என் கொரல் தெரியல."

சிவராஜ் லைட்டரை அமுக்காமல், கீழேயும் போடாமல், அப்படியே வெளியே வந்திருக்கிறார். ஓஸ் சிலிண்டர் பக்கத்தில் பிய்ந்திருக்கிறது. பர்னர் எரியும்போது அதன் இரைச்சலில் கசிகிற சத்தம் கேட்கவில்லை. பர்னர் பக்கத்து வால்வை மூடினாலும் கசிவு நிற்கவில்லை. அவர் அணைத்து அணைத்துப் பற்ற வைத்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் கேஸ் தரையில் இறங்கிக் குழியைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

சிலிண்டரை யாராவது மூட வேண்டுமே. அவர்தான் மூச்சை அடக்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனார். ஓஸ் எங்கே பிய்ந்திருக்கிறது என்று கையால் தடவினாராம். ஓர் இடத்தில் விரல் ஜில்லென்று விறைத்ததாம். வால்வை மூடி, சிலிண்டரைத் தூக்கி வயலுக்குக் கொண்டுபோய் வைத்தார். பிறகு வெளியில் நின்றபடி கட்டுக்கம்பியை அறுத்துத் தகரங்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார். குழிக்குள் காற்று போகட்டும் என்று.

"எனக்குத்தான் போச்சா இல்லியான்னு தெரியாதே. அக்காவ நிக்க வச்சிக் கேட்டுக் கேட்டுப் புடுங்கனேன்" என்றார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தானே போனேன்! மூக்கு இல்லன்னு தெரியுமில்ல உங்களுக்கு?"

அவர் சொன்னார்: "நீ சோறு துன்னு எத்தினி நாளாச்சு? அந்த சத்தம் வராத எடத்த நீ வர்றதுக்குள்ள கண்டுபுடிச்சிரலாம்னு பாத்தேன். கண்டும் புடிச்சேன். ஜெட்ட ஒரு நூலு முன்னால தள்ளி, காத்துத் தகட்ட பாதி மூடினா சத்தம் தள்ளிப் போவுது."

அடிக்கலாம் போல இருந்தது. அழுதுவிட்டேன்.

தகரச்சுவர் இல்லாத பட்டறை

அந்தத் தகரங்களை மறுபடி கட்டவில்லை. கூரை மட்டும் போதும் என்று விட்டுவிட்டோம். குழியை மண் போட்டு நிரவி, பட்டறைக்கல்லை உயர்த்தி வைத்தோம். சிலிண்டரை வெட்டவெளியில், சின்னக் கூரைக்கடியில் தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்தினோம். தண்ணீர் இருந்தால் அவ்வளவு சீக்கிரம் பனி பூக்காது. அங்கிருந்து இரும்புக் குழாய் வழியாகக் கேஸ் வந்தது. கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு மட்டும், கேஸுக்கென்றே செய்த ஆரஞ்சு நிற ஓஸ். சிலிண்டர் முனையில் ஒரு வால்வு, பர்னர் முனையில் ஒரு வால்வு.

ஜெட்டுக்கு சிவராஜ் கண்டுபிடித்த இடத்திலிருந்துதான் ஆரம்பித்தேன். அவர் சொன்னது சரிதான். காற்றைக் குறைத்தால் தீயின் நடை மெதுவாகிறது. துளை மெலிந்ததால் கேஸும் வேகமாகப் பீச்சியது. ஆனால் சுவர் போனதில் வேறொரு தொல்லை: மேல்காற்று அடிக்கும்போதெல்லாம் காற்றுத் துளைகளுக்குள் புகுந்து தீயைக் குலைத்தது. அவற்றைச் சுற்றி எண்ணெய் டின் தகட்டில் ஒரு மறைப்பு செய்து பொருத்தினேன். அதையும் இரண்டு முறை மாற்ற வேண்டியிருந்தது. அறுப்புக்கு அருவாள் கேட்டவர்கள் பாதிப் பேர் பொறுக்க முடியாமல் கீழே போய் வாங்கிக்கொண்டார்கள். போகட்டும் என்று இருந்தோம்.

பற்ற வைத்த நாள் வெயில் நன்றாக அடித்தது. ராணி அக்கா வருவேன் என்று சொல்லிவிட்டு, ரோட்டைத் தாண்டாமல் கடை வாசலிலேயே நின்றாள். நான் தரையில் குனிந்து மோந்து பார்த்தேன். பிறகு பற்ற வைத்தேன். உலைக்குள் தீ பிடித்துக்கொண்டு இரைந்தது. உட்சுவர் ஆரஞ்சாக மாறும்வரை விட்டேன்.

பிறகு வால்வைக் குறைத்தேன். குறைக்கக் குறைக்க ஜெட்டை முன்னால் தள்ளினேன். தகட்டை மெல்ல மூடினேன். இரைச்சல் தணிந்தது. நீலம் சுருங்கிக் குழாய் வாயோடு ஒட்டிக்கொண்டு நின்றது. வழக்கமாகச் சத்தம் வருகிற இடம் வந்தது. தோள்பட்டை இரண்டும் காதுவரை ஏறிவிட்டன. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் ஒரு மயிரிழை திருகினேன்.

தீ அங்கேயே நின்றது.

"இன்னா, அணைஞ்சிட்ச்சா?" ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ராணி அக்கா.

"எரியுதுக்கா!"

"சத்தமே காணோமே!"

சிவராஜ் என் பக்கத்தில் வந்து நின்றார். நாங்கள் இருவரும் அந்தச் சின்னத் தீயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இப்பவாவது பயம் போச்சா?" என்றார்.

"இல்லங்க."

"எனக்கும் போவல."

திரும்பி அவரைப் பார்த்தேன். இத்தனை மாதத்தில் அவர் பயந்து நான் பார்த்ததில்லை. "நீங்கதான் விசிலடிச்சிகினு இருந்தீங்களே."

"நாத்தம் தெரியறவன் நாத்தம் வந்தா பயந்துக்குவான். எனக்கு எப்பப் பயப்படணும்னே தெரியாது. அதனால எந்நேரமும் பயந்துகினுதான் இருந்தேன். நீயும் பயந்துகினு கீற, இதுல நான் வேற சொல்லணுமான்னு விசிலடிச்சேன்."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சொரசொரப்பாக, சூடாக இருந்தது.

"சரி வா, ரெண்டு பேரும் பயந்துகினே அடிப்போம்" என்று சொல்லி அவர் சுத்தியை எடுத்தார். "பட்டைய வை."

வால்வைத் திருகித் தீயைப் பெரிதாக்கினேன். குறடால் பட்டையைப் பிடித்து உலைக்குள் வைத்தேன்.